இருப்பை எழுதுவதா, நடந்ததை எழுதுவதா?

கடைக் கணக்குக்கு சாப்ட்வேர் போடுமுன் நாம் யோசிக்க வேண்டியவை

பில் போடும் சாப்ட்வேர் விற்க வருபவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது நான்கு கேள்விகள். விலை என்ன? வருடா வருடம் எவ்வளவு கட்ட வேண்டும்? தமிழில் பில் வருமா? கோளாறு என்றால் ஆள் எப்போது வரும்? இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் நாம் அடிக்கும் கணக்கை அந்த சாப்ட்வேர் உள்ளே எந்த முறையில் எழுதி வைக்கிறது என்று கேட்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. அது கம்ப்யூட்டர் படித்தவர்கள் விஷயம், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையில் அது நம் விஷயம்தான். கணக்கை எப்படி எழுதி வைப்பது என்ற கேள்வி கம்ப்யூட்டர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே வணிகர்கள் கேட்டு, விடையும் கண்ட கேள்வி. இத்தாலியில் லூக்கா பச்சியோலி என்ற கணித அறிஞர் 1494-ல் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில், வணிகர்கள் மூன்று புத்தகங்கள் வைத்திருந்ததை விவரித்திருக்கிறார். நடந்ததை நடந்தபடி உடனே எழுதும் கைச்சிட்டை, அதை முறைப்படுத்தி எழுதும் குறிப்பேடு, ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்து எழுதும் பேரேடு ஆகியவையே அவை. நம் நாட்டிலும் கணக்குப்பிள்ளைகள் சிட்டையும் பேரேடும் வைத்துத்தான் தொழில் நடத்தினார்கள். இன்று சாப்ட்வேர் எழுதுபவர் உட்கார்ந்து முடிவு செய்யும் பல விஷயங்கள் இந்தப் புத்தகங்களைப் பற்றியவையே. ஆகவே வணிக நண்பர்கள் தயங்காமல் கேட்கலாம். வெளியூர் கம்பெனியின் சாப்ட்வேரை வாங்கினாலும் சரி, உள்ளூரில் படித்த பிள்ளை ஒருவரை வைத்து நமக்கென்று எழுதி வாங்கினாலும் சரி, கேள்விகள் ஒன்றுதான்.

சிலேட்டு முறையும் சிட்டை முறையும்

குடோனில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாசிப்பருப்பு 40 மூட்டை என்று எழுதியிருக்கிறது. லாரியில் 60 வந்தால் 40-ஐ அழித்துவிட்டு 100 என்று எழுதுகிறோம். விற்கும்போதெல்லாம் அழித்து அழித்துப் புது எண்ணை எழுதுகிறோம். மாதக் கடைசியில் சிலேட்டில் 29 என்று இருக்கிறது. குடோனில் எண்ணிப் பார்த்தால் 27 தான் இருக்கிறது. இரண்டு மூட்டை எங்கே போயிற்று? சிலேட்டைக் கேட்டுப் பயனில்லை. அதற்குத் தெரிந்தது 29 என்ற ஓர் எண் மட்டுமே.

இதையே சிட்டையில் எழுதியிருந்தால் ஆரம்ப இருப்பு 40, வரவு 60, விற்பனை 72, திரும்பி வந்தது 2, நனைந்து கழிந்தது 1, ஆக மிச்சம் 29 என்று வரும். ஒவ்வொன்றுக்கும் தேதி, பில் எண், எழுதியவர் பெயர் இருக்கும். எடைச் சீட்டையும் லோடு சீட்டையும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தால், துண்டுச் சீட்டில் ஏற்றிவிட்ட இரண்டு மூட்டைக்குப் பின்னால் பில் போடவில்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சாப்ட்வேர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. சில, ஒவ்வொரு சரக்குக்கும் நேராக இருப்பு என்று ஒரு கட்டம் வைத்து, அதை அழித்து அழித்து எழுதுகின்றன. வேறு சில, ஒவ்வொரு அசைவையும் ஒரு வரியாக எழுதி வைத்து, அவற்றைக் கூட்டிக் கழித்து இருப்பைச் சொல்கின்றன. இரண்டாவது வகைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் ஈவென்ட் சோர்சிங் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது சிட்டை. பில் போடும் நேரத்தில் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விற்க வந்தவர் போட்டுக் காட்டும்போது வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. தகராறு வரும் நாளில்தான் தெரியும்.

கடன் பாக்கியில் இது இன்னும் முக்கியம். ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு ரூ. 18,400 பாக்கி என்று திரை சொல்கிறது. அவரோ, போன மாதம் உங்கள் வசூல் பையனிடம் ரூ. 5,000 கொடுத்தேனே என்கிறார். சிட்டை முறையில் இருந்தால் எந்தத் தேதியில் எந்தப் பில், எந்தத் தேதியில் எவ்வளவு வரவு, யார் கையால் வரவு என்று அவர் கண் முன்னால் காட்டலாம். பணம் வந்திருந்தால் ஒப்புக்கொள்ளலாம். வராதிருந்தால் அவரும் தன் நோட்டைப் பார்த்துத் தெளிந்துவிடுவார். வெறும் பாக்கித் தொகை மட்டும் இருந்தால் இரண்டு பேரும் வாய்ச்சொல்லில் நிற்க வேண்டும். பதினைந்து வருட வாடிக்கையாளரை ரூ. 5,000-க்காக இழப்பதா, ரூ. 5,000-ஐ விட்டுக்கொடுப்பதா என்ற இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்த சாப்ட்வேர்தான்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. "போன மார்ச் 31-ம் தேதி மாலையில் துவரம்பருப்பு இருப்பு எவ்வளவு என்று இப்போது காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். சிட்டை முறையில் எழுதும் சாப்ட்வேர் உடனே காட்டிவிடும். சிலேட்டு முறைக்காரர், அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார். ஆடிட்டர் ஜூலை மாதத்தில் வருடக் கடைசி சரக்கிருப்பைக் கேட்கும்போது நாம் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் அருமை விளங்கும்.

அப்படியானால் சிலேட்டே வேண்டாமா என்றால், வேண்டும். கவுன்ட்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போது இரண்டு வருட வரிகளையும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருக்க முடியாது. பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டிக் கட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுவந்து எழுதுகிறோம் அல்லவா? அதுபோல சாப்ட்வேரும் இருப்பைக் கூட்டி ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம். தவறில்லை. ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு, வரிகளிலிருந்து மறுபடியும் கூட்டினால் அதே எண் வர வேண்டும். மூலம் சிட்டை; சிலேட்டு அதன் நகல். இந்த வரிசை மாறக்கூடாது.

பிழையைத் திருத்தும் முறை

எழுதியதில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது? பழைய கணக்குப்பிள்ளைகள் சுரண்டி அழிக்க மாட்டார்கள். குறுக்கே ஒரு கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டு, சரியானதைக் கீழே எழுதுவார்கள். கோட்டுக்கு அடியில் இருக்கும் பழைய எண் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இன்று இது சட்டமாகவும் இருக்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 56-வது விதியின் 8-வது உட்பிரிவு, கணக்குப் புத்தகத்தில் எழுதியதைச் சுரண்டவோ, அழிக்கவோ, மேலெழுதவோ கூடாது என்கிறது. எழுத்துப் பிழை தவிர்த்த மற்ற தவறுகளைக் கோடிட்டு, சான்றொப்பமிட்டு, அதன் பிறகே சரியானதை எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்புப் பட்டியல் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நம் கடைகளுக்கும் இது பொருந்தும். கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகளுக்கு 1-4-2023 முதல் இதைவிடக் கடுமையான விதி வந்திருக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் கணக்கு சாப்ட்வேர் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கக்கூடாது.

"எந்தப் பில்லையும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம், சுவடே தெரியாது" என்பதைச் சிலர் வசதியாகச் சொல்லி விற்கிறார்கள். நாம் மாற்றினால் தெரியாது என்றால், கல்லாவில் உட்காரும் பையன் மாற்றினாலும் தெரியாது. ரூ. 900 பில்லை வாடிக்கையாளர் போன பிறகு ரூ. 600 ஆக்கிவிட்டு ரூ. 300-ஐப் பையில் போட்டுக்கொண்டால் யார் கண்டுபிடிப்பது? ஆகவே திருத்தம் என்பது ஒரு புது வரியாக வர வேண்டும். சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட்டு, தவறான பில்லானால் ரத்து என்ற குறிப்பு, சரக்கு நனைந்தாலோ வறண்டாலோ கழிவு என்று தனி வரி. மிளகாய் வற்றலும் புளியும் வெல்லமும் இருப்பில் எடை குறைவது நாம் அறிந்ததே. அந்தக் குறைவைக் காட்ட ஓர் இனம் இல்லாத சாப்ட்வேரில், கடைக்காரர் எண்ணை நேராக மாற்றத் தொடங்குவார். ஒரு முறை அப்படி மாற்றப் பழகிவிட்டால் பிறகு கணக்கு கணக்காக இருக்காது.

எதை ஓரிடத்தில் வைப்பது, எதை நகல் எடுப்பது

அடுத்தது பெயர்ப் பட்டியல் விஷயம். ஒவ்வொரு பில்லிலும் வாடிக்கையாளர் பெயரைக் கையால் அடிக்கும்படி வைத்தால், ஒரு நாள் முருகன் ஸ்டோர் என்றும், மறுநாள் முருகன் ஸ்டோர்ஸ் என்றும், வேறொரு நாள் ஸ்ரீ முருகன் ஸ்டோர் என்றும் விழும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். ரூ. 30,000 வரை கடன் என்று நாம் கட்டுப்பாடு வைத்திருந்தாலும் மூன்று பெயரில் ரூ. 90,000 வரை போய்விடும்.

இதற்குத் தீர்வாக அமைந்த கொள்கையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவையே. அதிலிருந்து வளர்ந்த நடைமுறை, ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்களில் அதன் எண்ணைக் குறி என்பதாகும். வாடிக்கையாளருக்கு ஒரு பட்டியல், அதில் முருகன் ஸ்டோருக்கு எண் 112. பில்லில் 112 என்று மட்டும் பதிவாகும். போன் நம்பர் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். பேரேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பக்கம் என்ற நம் வழக்கமும் இதுவே.

ஆனால் இந்தக் கொள்கையை எல்லாவற்றுக்கும் அப்படியே போட்டுவிட்டால் வேறொரு ஆபத்து வருகிறது. நல்ல படிப்பு படித்தவர்கள் எழுதிய சாப்ட்வேர்களிலும் இதைப் பார்க்கலாம். சரக்குப் பட்டியலில் தேங்காய் எண்ணெய், ஷாம்பு, பற்பசை ஒவ்வொன்றுக்கும் நேராக வரி விகிதம் இருக்கும். பில்லில் சரக்கின் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, விகிதத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். 22-9-2025 அன்று என்ன நடந்தது? தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பிஸ்கட்டுக்கும் அப்படியே. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. நாமும் பட்டியலில் விகிதத்தை மாற்றினோம்.

இப்போது ஆகஸ்ட் மாதத்தில் போட்ட ஷாம்பு பில் ஒன்றை மறு பிரிண்ட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்திய மதிப்பு ரூ. 4,800. அன்று 18 சதவீதப்படி வரி ரூ. 864, மொத்தம் ரூ. 5,664. மேற்சொன்ன வகை சாப்ட்வேரில் இன்று எடுத்தால் வரி ரூ. 240, மொத்தம் ரூ. 5,040 என்று வரும். வாங்கியவர் கையில் இருக்கும் பில் ஒன்று, நம் கம்ப்யூட்டர் சொல்வது இன்னொன்று. ரூ. 624 வித்தியாசம். நாம் தாக்கல் செய்த ரிட்டர்னோடும் ஒத்துவராது. ஒரு பில்லுக்கு இவ்வளவென்றால் வருடம் முழுவதுக்கும் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பில்லின் சரக்கு திரும்பி வந்தாலும், அன்று என்ன வரி போட்டோம் என்பதைப் பார்த்துத்தான் கிரெடிட் நோட்டு எழுத முடியும்.

ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆளின் பெயர், சரக்கின் பெயர், போன் நம்பர் போன்ற இன்றைய நிலவரங்கள் பட்டியலில் ஓரிடத்தில் இருக்கட்டும். விற்ற நேரத்தில் இருந்த விலை, தள்ளுபடி, எம்.ஆர்.பி., வரி விகிதம், ஹெச்.எஸ்.என். எண், வாங்கியவரின் அன்றைய முகவரி ஆகியவை பில்லோடு நகலாக எழுதப்பட வேண்டும். அவை நடந்து முடிந்தவை. இன்றைய பட்டியல் மாறுவதால் அன்று நடந்தது மாறாது.

சரக்குப் பட்டியலை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதும் இதை ஒட்டிய கேள்வி. 18-7-2022 முதல் லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றின் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு 5 சதவீதம் வரி வந்தது. அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்கும், உதிரியாக நிறுத்துக் கொடுப்பதற்கும் வரி இல்லை. உடனே 26 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. ஒரே பொன்னி அரிசிக்கு 25 கிலோவில் வரி, 26 கிலோவில் இல்லை. பொன்னி அரிசி என்று ஒரே வரியாக வைத்தவர்கள் திண்டாடினார்கள். சிப்ப அளவுக்கு ஒரு வரி வைத்தவர்களுக்குக் கஷ்டமில்லை. பிஸ்கட், எண்ணெய் பாக்கெட் போன்றவற்றுக்குப் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் எம்.ஆர்.பி.யும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஒரே சோப்பு இரண்டு எம்.ஆர்.பி.யில் அலமாரியில் இருப்பது நமக்குப் புதிதல்ல.

அதற்காகக் கடுகு 50 கிராம், சீரகம் 20 கிராம் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டுமா என்று சிறு கடைக்காரர்கள் கேட்பார்கள். வேண்டியதில்லை. பதிவு பெறாத வாடிக்கையாளருக்கு ரூ. 200-க்குக் குறைந்த விற்பனையானால், அவர் பில் கேட்காதபோது தனித்தனி பில் போடாமல் நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் எழுத ஜி.எஸ்.டி. விதியிலேயே இடமிருக்கிறது. எழுதி ஆள முடிகிற அளவுக்கு எழுத வேண்டும். எழுதுவதைத் தொடர்ந்து எழுத வேண்டும்.

பாதியில் நின்ற கணக்கு

மொத்த விற்பனையில் ஒரு பில் போட்டால் உள்ளே மூன்று காரியம் நடக்கிறது. பில் எண் ஒன்று ஏறுகிறது, சரக்கு குறைகிறது, பார்ட்டி பெயரில் பற்று ஏறுகிறது. இரண்டாவது காரியம் முடிந்து மூன்றாவது நடக்குமுன் மின்சாரம் போய்விட்டால்? சரக்கு குறைந்திருக்கும், பாக்கி ஏறியிருக்காது. நல்ல டேட்டாபேஸ்களில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. மூன்றும் சேர்ந்து எழுதப்படும். இல்லையேல் மூன்றும் இல்லை. இதை டிரான்ஸாக்ஷன் என்கிறார்கள். பற்று எழுதினால் வரவும் எழுதியாக வேண்டும் என்ற இரட்டைப் பதிவு முறைக்கு இது உறவுதான். சாப்ட்வேர் எழுதுபவர் அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தியிருக்கிறாரா என்பதே கேள்வி. விற்க வந்தவரிடம், பில் சேமிக்கும் நேரத்தில் அவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லலாம். திரும்ப ஆன் செய்தால் பில் முழுதாக இருக்க வேண்டும், அல்லது அடியோடு இல்லாமலிருக்க வேண்டும். தைரியமுள்ளவர் செய்து காட்டுவார்.

பலர் எக்செல்லில் கணக்கு வைக்கிறார்கள். ஒருவர் மட்டும் எழுதும் சிறு கடைக்கு அது போதும். இரண்டு பேர் ஒரே ஃபைலின் பிரதியைத் தனித்தனியாகத் திறந்து சேமித்தால், பின்னால் சேமித்தவர் முன்னவர் எழுதியதை விழுங்கிவிடுவார். ஒரே கம்ப்யூட்டரில் பில் போடும் கடைக்கு எஸ்.க்யூ.லைட் போன்ற, ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ் நன்றாக உழைக்கும். நம் கையிலிருக்கும் ஸ்மார்ட்போனுக்குள்ளும் அது இருக்கிறது. நான்கு கவுன்ட்டர், இரண்டு குடோன் என்று பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடமானால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்.க்யூ.எல். போன்று சர்வரில் இயங்குவது வேண்டும். சிறு கடைக்குப் பெரியதை விற்பதும், பெரிய கடைக்குச் சிறியதை ஒட்டவைப்பதும் இரண்டுமே நடக்கின்றன.

கடையில் வைப்பதா, வெளியில் வைப்பதா

கிளவுட் என்று சொல்லி, கணக்கை இன்டர்நெட் வழியாக வெளியூர் சர்வரில் வைப்பது இப்போது பெருகிவிட்டது. இதில் நன்மை உண்டு. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. 2023-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. கடைக்குள் தண்ணீர் புகும்போது நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நனையும். கணக்கு வெளியில் ஒரு பிரதியாக இருந்தால், சரக்கு போனாலும் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது மிஞ்சும். விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் மீட்டெடுக்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. 57-வது விதியும் சொல்கிறது.

ஆனால் இன்டர்நெட் அறுந்தால் கவுன்ட்டர் நிற்கக்கூடாது. தீபாவளிக்கு முந்திய நாள் மாலையில் லைன் இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியுமா? ஆகவே கடையிலும் எழுத வேண்டும், லைன் வந்ததும் வெளியிலும் சேர வேண்டும். இங்கேதான் முதலில் சொன்ன சிலேட்டும் சிட்டையும் திரும்ப வருகின்றன. இருப்பு 29 மூட்டை. லைன் இல்லாத நேரத்தில் ஒரு கவுன்ட்டர் 3 மூட்டை விற்று 26 என்று எழுதுகிறது. இன்னொன்று 5 விற்று 24 என்று எழுதுகிறது. லைன் வந்ததும் எது கடைசியாகப் போய்ச் சேர்கிறதோ அது நிற்கும். 26 என்றாலும் தவறு, 24 என்றாலும் தவறு. சிட்டை முறையில் 3 விற்றது ஒரு வரி, 5 விற்றது ஒரு வரி. இரண்டும் சேர்ந்து 21 என்று சரியாக வரும். பில் எண்கள் மோதாமலிருக்க கவுன்ட்டருக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை விதி அனுமதிக்கிறது. எண் 16 எழுத்துக்கு மேல் போகாமல், அந்த நிதியாண்டில் மறுபடி வராமல் இருந்தால் சரி.

இன்னொன்று, கணக்கு யாருடையது என்பது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். 2023-24-ம் ஆண்டுக்கு அந்தக் கடைசித் தேதி 31-12-2024. ஆக, அந்தக் கணக்கு 31-12-2030 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். 2023 ஏப்ரலில் போட்ட பில்லை ஏழே முக்கால் ஆண்டு காப்பாற்ற வேண்டும். சாப்ட்வேர் விற்ற கம்பெனி அதுவரை இருக்குமா? நமக்குத் தெரிந்த கடைகளில், வருட சந்தா கட்டத் தாமதமானதும் திரை பூட்டிக்கொண்டு, வசூல் பட்டியல்கூட எடுக்க முடியாமல் தவித்தவை உண்டு. சந்தா வாங்குவது அவர்கள் உரிமை. ஆனால் பாக்கிக் கணக்கு நம் சொத்து. அவர்கள் தயவில்லாமல், எல்லா வரிகளையும் எக்செல்லிலோ சி.எஸ்.வி. ஃபைலிலோ எந்த நேரமும் எடுக்க முடிய வேண்டும். வாரம் ஒரு முறை எடுத்து, கடைக்கு வெளியே, வீட்டில் ஒரு பிரதி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து, பத்துப் பார்ட்டியின் பாக்கி சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. போன மார்ச் 31-ம் தேதி இருப்பையும், ஒரு பார்ட்டியின் அன்றைய பாக்கியையும் இப்போது காட்ட முடியுமா?

2. பில்லைத் திருத்தினால் பழைய தொகை, திருத்தியவர், நேரம் மூன்றும் தெரியுமா? அந்தப் பதிவை யாராவது அழிக்க முடியுமா?

3. வரி விகிதத்தை மாற்றிய பிறகு, மாற்றுமுன் போட்ட பில்லை மறு பிரிண்ட் எடுத்தால் பழையபடியே வருமா?

4. திரும்பி வந்த சரக்கு, கழிவு, எடைக் குறைவு ஆகியவற்றுக்குத் தனி இனம் உண்டா?

5. பில் சேமிக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்?

6. இன்டர்நெட் இல்லாமல் இரண்டு கவுன்ட்டரும் பில் போட்டால், பின்னால் இருப்பு சரியாகச் சேருமா?

7. நாளை உங்களை விட்டுப் போனால், முழுக் கணக்கையும் எந்த வடிவில் கொடுப்பீர்கள்? இன்றே ஒரு மாதிரி எடுத்துக் காட்ட முடியுமா?

இந்த ஏழுக்கும் வாயால் பதில் சொன்னால் போதாது. செய்து காட்டச் சொல்ல வேண்டும். நம் கடையின் ஒரு வாரத்துப் பில்களைக் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்ட்வேர் போட்டவர்களும் இதே கேள்விகளைத் தங்கள் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கலாம். குறை தெரிந்தால் உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. முதல் வேலையாகக் கணக்கை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, நிதியாண்டுத் தொடக்கத்தில் மாற்றிக்கொள்வது நல்லது.

தனித்தனியாக ஒவ்வொருவரும் கேட்டால் விற்பவர்கள் ஏதோ சொல்லிச் சமாளிப்பார்கள். நம் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கே அவர்களை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் இந்த ஏழையும் செய்து காட்டச் சொன்னால், யாரிடம் வாங்குவது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்பது எங்கள் யோசனை. அங்கத்தினர்கள் தங்கள் அனுபவத்தையும் அங்கே சொன்னால் எல்லோருக்கும் உதவும்.